சின்ன மெயில் போகிறது, பெரிய மெயில் நிற்கிறது
வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், "மெயில் ஃபில்டர் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் எந்த டிஸ்கிரிப்டரில் எது வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். (டிஸ்கிரிப்டர் என்பது, ஒரு புரோகிராம் தகவலைப் படிக்கவும் எழுதவும் பயன்படுத்தும் ஒவ்வொரு வழிக்கும் இருக்கும் எண்.) அதைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் கேள்வி அனுப்பிவிட்டீர்கள். சரி, இந்த முறை முழுக்க அதையே பேசிவிடலாம். வைஃபை, பிரின்டர் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழில்.

கேள்வி: வணக்கம் சார். எங்கள் அலுவலக மெயில் சர்வரில் க்யூமெயில் ஓடுகிறது. உள்ளே வரும் மெயில்களை வடிகட்ட பைதானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, வந்த மெயிலை வரிசையில் சேர்க்கும் க்யூமெயில்-க்யூ இருக்கும் இடத்தில் அதை ஓட வைத்தேன். முதலில் யாருக்கு என்று பார்த்துவிட்டு, நம் பட்டியலில் உள்ள முகவரி என்றால் மட்டும் மெயிலைப் படிக்கலாம் என்பது திட்டம். சோதித்தபோது எல்லாம் ஒழுங்காகப் போனது. ஆனால் அட்டாச்மென்ட் உள்ள மெயில் வந்தால் ஸ்கிரிப்ட் அப்படியே நின்றுவிடுகிறது. எரர் இல்லை, லாகில் எதுவும் இல்லை, சிபியுவும் ஏறவில்லை. மெமரி போதவில்லையா?

பதில்: மெமரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "முதலில் யாருக்கு என்று பார்த்துவிட்டு" என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான்.

க்யூமெயில்-க்யூவுக்கு இரண்டு வழியாகச் சரக்கு வருகிறது. 0 என்ற டிஸ்கிரிப்டரில் மெயில், அதாவது ஹெடரும் உடலும். 1 என்ற டிஸ்கிரிப்டரில் உறை, அதாவது அனுப்புநர் யார், பெறுநர்கள் யார் யார் என்ற விவரம். 1 என்றாலே வெளியே எழுதும் வழி என்று பழகிய கைக்கு இது விசித்திரமாகப் படும். இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு அப்படிக் கணக்கு எதுவும் கிடையாது. 0-இல் படி, 1-இல் எழுது, 2-இல் பிழையைச் சொல் என்பதெல்லாம் புரோகிராம்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வழக்கம். ஒரு புரோகிராமைக் கிளப்புகிறவர் எந்த எண்ணில் எதை மாட்டிவிட்டாரோ அதுதான் அங்கே இருக்கும். க்யூமெயிலை எழுதிய டேனியல் பெர்ன்ஸ்டைன் அதில் 1-இல் உறையை மாட்டினார். 1998-இல் வந்த 1.03 பதிப்பின் மேனுவலில் இது இரண்டே வரியில் இருக்கிறது. அந்த இரண்டு வரியில் வரிசையும் சொல்லப்பட்டிருக்கிறது: முதலில் 0, அப்புறம் 1.

இப்போது எதிர்ப்பக்கம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வெளியிலிருந்து மெயிலை வாங்குகிற க்யூமெயில்-எஸ்எம்டிபிடி இரண்டு பைப் (ஒரு புரோகிராம் எழுதுவதை இன்னொன்று படிக்கும் குழாய்) திறந்து, உங்கள் ஸ்கிரிப்டைக் கிளப்பி, மெயில் முழுவதையும் முதல் பைப்பில் எழுதும். எழுதி முடித்து அந்தப் பைப்பை மூடிய பிறகுதான் உறையைத் தொடும். உங்கள் ஸ்கிரிப்டோ உறைக்காக 1-இல் காத்திருக்கிறது. பைப்புக்குக் கொள்ளளவு உண்டு. லினக்ஸில் வழக்கமாக 65,536 பைட். மெயில் அதற்குள் அடங்கினால், எழுதுகிறவர் எல்லாவற்றையும் பைப்பில் கொட்டிவிட்டு, மூடிவிட்டு, உறையையும் அனுப்பிவிடுவார். யாரும் எதையும் கவனிக்க மாட்டார்கள். மெயில் அதைவிடப் பெரியது என்றால் பைப் நிரம்பிவிடும். நீங்கள் 0-இல் படித்து இடம் கொடுத்தால்தான் அவர் மேலே எழுத முடியும். அவர் எழுதி முடித்தால்தான் உங்களுக்கு உறை கிடைக்கும். வாசலில் இரண்டு பேர் நின்றுகொண்டு "முதல்ல நீங்க", "இல்ல இல்ல, நீங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பது போல. இரண்டு பேருமே தூங்கிக்கொண்டிருப்பதால்தான் சிபியு ஏறவில்லை.

மெயிலில் அட்டாச்மென்ட் பேஸ்64-ஆக, அதாவது வெறும் எழுத்துகளாக, மாறும்போது மூன்றில் ஒரு பங்கு வீங்கும். ஆக 48 கேபி படம் ஒன்று இருந்தாலே கொள்ளளவைத் தாண்டிவிடுவீர்கள். நீங்கள் சோதனைக்கு அனுப்பியது "டெஸ்ட்" என்று ஒரு வார்த்தை எழுதிய மெயிலாகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். தொங்கிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்டின் ப்ராசஸ் எண்ணை எடுத்து அதன் மேல் ஸ்ட்ரேஸை (ஒரு ப்ராசஸ் கெர்னலிடம் என்ன கேட்கிறது என்று காட்டும் கருவி) ஓட்டுங்கள். 'ரீட்' என்று ஆரம்பித்து, அடைப்புக்குறிக்குள் 1 என்று தொடங்கி, முடியாமல் நிற்கும் ஒரே ஒரு வரி வரும். அதே மாதிரி எஸ்எம்டிபிடி ப்ராசஸைப் பார்த்தால் 'ரைட்' என்று நிற்கும். எந்த எண்ணில் எந்தப் பைப் மாட்டியிருக்கிறது என்பது ப்ராக் டைரக்டரியில் அந்தந்த ப்ராசஸின் எஃப்டி என்ற உள்டைரக்டரியில் தெரியும். பைப்புக்குப் பக்கத்தில் ஓர் எண் போட்டிருக்கும். இரண்டு ப்ராசஸிலும் அந்த எண்ணைப் பொருத்திப் பார்த்தால் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று படம் போட்டதுபோல் விளங்கும். பிழையே சொல்லாத பிழைக்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

தீர்வு எளிது. 0-ஐ முடிவுவரை படித்து ஒரு தற்காலிக ஃபைலில் போடுங்கள். மெமரியில் வைக்காதீர்கள், ஒரே நேரத்தில் நாற்பது பேர் பெரிய ஃபைல் அனுப்பும் நாள் ஒன்று வரும். அப்புறம் 1-ஐ முடிவுவரை படியுங்கள். அப்புறம் முடிவெடுங்கள். விடுவதாக இருந்தால் உண்மையான க்யூமெயில்-க்யூவைக் கிளப்பி, 0-இல் அந்த ஃபைலையும் 1-இல் உறையையும் மாட்டிக் கொடுங்கள். உறையைப் பார்த்து முதலிலேயே வெட்டிவிடும் ஆசை இருந்தால் இந்த இடம் அதற்குச் சரியில்லை. பெறுநர் முகவரியை, சர்வர்கள் மெயிலைக் கைமாற்றும்போது பேசிக்கொள்ளும் எஸ்எம்டிபி உரையாடலிலேயே, மெயில் உடல் வருவதற்கு முன் சோதிக்க வேண்டும்.

இங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது. ஃபைலை எழுதி முடித்ததும் அதன் படிக்கும் இடம் கடைசியில் நிற்கும். அதே டிஸ்கிரிப்டரை அப்படியே குழந்தை ப்ராசஸுக்குக் கொடுத்தால் அந்த இடமும் சேர்ந்தே போகும். க்யூமெயில்-க்யூ படிக்கப் பார்க்கும், ஒன்றும் இருக்காது, "சரி, வெற்று மெயில்" என்று வாங்கிக்கொண்டு, வெற்றி என்று பொருள்படும் 0 என்ற எண்ணோடு எக்ஸிட் ஆகிவிடும். பெறுநருக்கு ரிசீவ்டு வரி மட்டும் உள்ள மெயில் போய்ச் சேரும், உங்கள் லாக் வெற்றி என்று சொல்லும். அதனால் கொடுப்பதற்கு முன் பஃபரை (எழுதப்படாமல் மெமரியில் காத்திருக்கும் தகவலை) காலி செய்து, தொடக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். ஷெல்லில் ஃபைலைப் பெயர் சொல்லி மறுபடி திறந்தால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று: நீங்கள் ரூட்டாக உட்கார்ந்து சோதிக்கிறீர்கள், ஆனால் எஸ்எம்டிபிடி ஓடுவது க்யூமெயில்டி என்ற யூசராக. தற்காலிக ஃபைல் எழுதும் டைரக்டரி அந்த யூசருக்குத் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பைதான் ஃபில்டரில் ஸ்பாம் என்று தெரிந்ததும் 31 என்று எக்ஸிட் செய்கிறேன். நிரந்தர மறுப்பு என்று படித்தேன். ஆனால் அனுப்புகிற சர்வருக்குத் தற்காலிகப் பிரச்சினை என்று பதில் போகிறது, அதே ஸ்பாம் திரும்பத் திரும்ப வருகிறது. 31 வேலை செய்யாதா?

பதில்: செய்யும். ஸ்கிரிப்டில் எங்கோ ஒரு பிரின்ட் வைத்திருக்கிறீர்கள், இல்லையா? "இந்த இடம் வரை வந்துவிட்டது" என்கிற மாதிரி.

பிரின்ட் எழுதுவது 1-இல். இங்கே 1 என்பது உறை வருகிற பைப்பின் படிக்கும் முனை. அதில் எழுத முடியாது. பைதான் உடனே எழுதாமல் பஃபரில் வைத்திருக்கும் என்பதால் பிரின்ட் வரியில் எதுவும் ஆகாது. புரோகிராம் முடியும்போது பஃபரைக் கொட்டப் பார்த்து, முடியாமல், நீங்கள் சொன்ன 31-ஐத் தூக்கி எறிந்துவிட்டு 120 என்று வெளியேறும். 3.6 பதிப்பிலிருந்து பைதானின் நடைமுறை இது. க்யூமெயிலுக்கு 11 முதல் 40 வரை நிரந்தரம், 0 தவிர மற்ற எல்லாமே தற்காலிகம். 120 தற்காலிகத்தில் விழுகிறது. அனுப்புகிற சர்வர் பொறுப்பாக மறுபடி மறுபடி முயலும். அந்தப் பக்கம் ஓடும் மெயில் சர்வர் போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் வழக்கமாக 5 நாள், க்யூமெயில் என்றால் 7 நாள்.

சொல்ல வேண்டியதை 2-இல் சொல்லுங்கள். அது சர்வரின் லாகுக்குப் போய்ச் சேரும். வெளிப் புரோகிராம்களைக் கூப்பிடும்போதும் இதே கவனம் தேவை. ஸ்பாமைக் கண்டுபிடிக்கும் ஸ்பாம்அசாசினின் ஸ்பாம்சி மெயிலை 0-இல் வாங்கி, மதிப்பெண் போட்ட மெயிலை 1-இல் துப்பும். அதன் 1-ஐ ஒரு ஃபைலுக்குத் திருப்பாமல் கூப்பிட்டால் அதுவும் இதே சுவரில்தான் முட்டும்.

கேள்வி: ஷெல் ஸ்கிரிப்டில் உறையை ஒரு வேரியபிளில் வாங்கினேன். முகவரிகள் எல்லாம் ஒட்டிக்கொண்டு வருகின்றன. நடுவில் தேவையில்லாமல் 'எஃப்', 'டி' என்று எழுத்துகள். உறை கெட்டுப்போய் வருகிறதா?

பதில்: உறை நன்றாகத்தான் வருகிறது, உங்கள் ஷெல்லான பேஷ் அதைக் கெடுக்கிறது. உறையின் அமைப்பு இது: எஃப் எழுத்து, அனுப்புநர் முகவரி, ஒரு சுழி பைட் (மதிப்பு 0 ஆன பைட்). பிறகு ஒவ்வொரு பெறுநருக்கும் டி எழுத்து, முகவரி, ஒரு சுழி பைட். எல்லாம் முடிந்ததும் இன்னொரு சுழி பைட். ஷெல் வேரியபிளில் சுழி பைட்டுக்கு இடமே இல்லை. பேஷ் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். 4.4 பதிப்பு முதல் ஓர் எச்சரிக்கையாவது 2-இல் சொல்கிறது. முகவரிகளுக்கு நடுவே இருந்த வேலி போய்விட்டதால் எல்லாம் ஒன்றாகி நிற்கின்றன.

பேஷை விட மனமில்லை என்றால், 1-இலிருந்து ஒரு ஃபைலுக்கு பைட் மாறாமல் நகலெடுத்துக்கொண்டு, அதைப் படிக்கும்போது 'ரீட்' கட்டளைக்கு முடிவு எழுத்தாக வெற்றுச் சரத்தைக் கொடுங்கள். அது சுழி பைட்டை எல்லையாக எடுத்துக்கொள்ளும். முடிவில் உண்மையான க்யூமெயில்-க்யூவுக்குக் கொடுக்க வேண்டியது அந்த நகல் ஃபைல்தான். நீங்களாக ஒட்டிச் சேர்த்த ஒன்று வேண்டாம்.

எஃப் எழுத்துக்கு அடுத்து உடனே சுழி பைட் வந்தால் பயப்படாதீர்கள். அனுப்புநர் இல்லாத மெயில் அது. பவுன்ஸ் அறிவிப்புகள் அப்படித்தான் வரும். "அனுப்புநர் காலி, ஆகவே ஸ்பாம்" என்று எழுதிய ஃபில்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த அலுவலகத்தில் யாராவது தப்பான முகவரிக்கு மெயில் அனுப்பினால் அது போய்ச் சேரவில்லை என்ற தகவலே அவர்களுக்குத் திரும்பி வராது.

கேள்வி: சப்ஜெக்ட் வரியை மட்டும், வரி தேடும் கிரெப் கட்டளையைப் போட்டுப் பார்த்துவிட்டு, மிச்சத்தை அப்படியே அடுத்த புரோகிராமுக்கு விடுகிறேன். போய்ச் சேருகிற மெயிலில் ஹெடரே இல்லை. சில மெயில்கள் முழுக்கவே காலி. கிரெப்பை முதல் பொருத்தத்தோடு நிற்கச் சொல்லியும் பயன் இல்லை.

பதில்: பைப்பிலிருந்து எடுத்தது எடுத்ததுதான், திரும்பப் போடும் வழி கிடையாது. கிரெப் ஒரு வரியைக் காட்டுகிறது என்பதால் ஒரு வரியைத்தான் படித்தது என்று அர்த்தமில்லை. அது ஆயிரக்கணக்கான பைட்டை ஒரே வாயில் அள்ளும். செட், ஹெட் எல்லாமே அப்படித்தான். சின்ன மெயில் என்றால் முதல் வாயிலேயே மொத்தமும் போய்விடும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு ஷெல்லின் சொந்த 'ரீட்' கட்டளை. பைப்பிலிருந்து படிக்கும்போது அடுத்தவர் பங்கைத் தொட்டுவிடக் கூடாது என்று ஒவ்வொரு பைட்டாக எடுக்கும். அதனால்தான் அது ஆமை வேகம். ஸ்ட்ரேஸில் ஒருமுறை பார்த்தீர்கள் என்றால் பாவமாக இருக்கும். தற்காலிக ஃபைல் எழுத உங்களுக்கு ஏன் இவ்வளவு தயக்கம் என்று தெரியவில்லை. எழுதுங்கள், எத்தனை முறை வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்.

கேள்வி: க்யூமெயிலிலிருந்து போஸ்ட்ஃபிக்ஸுக்கு மாறினோம். அதே ஃபில்டர் ஸ்கிரிப்டை வைத்தேன். ஸ்பாம் சர்வர் கொஞ்ச நேரம் படுத்தபோது ஸ்கிரிப்ட் 111 என்று எக்ஸிட் ஆனது. க்யூமெயிலில் இருந்தபோது மெயில் காத்திருக்கும். இங்கே எல்லாம் பவுன்ஸ் ஆகிவிட்டது. வாடிக்கையாளர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

பதில்: எக்ஸிட் கோட் என்பது ஸ்கிரிப்ட் சொல்கிற ஒரே பதில். அந்தப் பதிலைக் கேட்கிறவர் மாறினால் பொருளும் மாறிவிடும். ஒருவருக்கு வரும் மெயிலை என்ன செய்வது என்று எழுதிவைக்கும் டாட்-க்யூமெயில் ஃபைலில் இருந்து ஓடும் கட்டளைக்கு 111 என்றால் அப்புறம் பார்க்கலாம், 100 என்றால் திருப்பி அனுப்பு, 99 என்றால் முடிந்தது, அந்த ஃபைலில் மீதி வரிகளைப் பார்க்காதே. க்யூமெயில்-க்யூ இடத்தில் ஓடினால் மேலே சொன்ன 11–40 கணக்கு. போஸ்ட்ஃபிக்ஸில் வெளி ஸ்கிரிப்டுக்கு மெயிலைக் கொடுக்கும், 'பைப்' என்றே பெயருள்ள பகுதி வேறு மரபைப் பின்பற்றுகிறது. அங்கே பிறகு முயற்சி செய் என்பதற்கு 75, ஏற்க முடியாது என்பதற்கு 69. அந்த மரபில் இல்லாத எண் வந்தால் கட்டளை செத்துவிட்டது என்று எழுதி மெயிலைத் திருப்பி அனுப்பிவிடும்.

உங்களுக்கு நடந்ததைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. பைதான் ஸ்கிரிப்ட் எதிர்பாராத எரரில் விழுந்தால் எக்ஸிட் கோட் 1. க்யூமெயில் அதைத் தற்காலிகம் என்று எடுத்துக்கொண்டு மெயிலைக் காப்பாற்றும். போஸ்ட்ஃபிக்ஸ் பவுன்ஸ் செய்யும். அதோடு ஸ்கிரிப்ட் வெளியே கொட்டியதையும் பவுன்ஸ் மெயிலில் ஒட்டி அனுப்பும். உங்கள் ஃபைல் பாதைகள், சில சமயம் டேட்டாபேஸ் பெயர் எல்லாம் யாரோ ஒருவரின் இன்பாக்ஸில் போய் உட்காரும். போஸ்ட்ஃபிக்ஸில் வைக்கும் ஸ்கிரிப்டின் மேல் மட்டத்தில் எல்லா எரரையும் பிடித்து, சிஸ்லாகில் எழுதிவிட்டு, 75 என்று வெளியேறும் ஒரு வெளிச்சுற்றை (ராப்பர்) போடுங்கள்.

இன்னொரு மாற்றமும் உண்டு. போஸ்ட்ஃபிக்ஸ் பைப்பில் உறை 1-இல் வராது, கட்டளையின் ஆர்கியுமென்டாக வரும். மெயில் மட்டும் 0-இல். சரிபார்த்து முடித்து சென்ட்மெயில் கட்டளை வழியாக உள்ளே திருப்பி விடும்போது, தனிப் புள்ளி மட்டும் உள்ள வரியில் மெயில் முடிந்தது என்று நினைக்காமலிருக்க அதற்குரிய ஆப்ஷனைக் கொடுங்கள். பெறுநர்களை ஹெடரிலிருந்து எடுக்கச் சொல்லும் ஆப்ஷனை மட்டும் எந்தக் காரணத்துக்கும் கொடுக்காதீர்கள். மெயிலிங் லிஸ்டிலிருந்து ஒருவருக்கு வந்த மெயில், 'டு' வரியில் இருக்கிற லிஸ்டுக்கே திரும்பப் போய், அங்கிருந்து எல்லோருக்கும் கிளம்பும். போஸ்ட்ஃபிக்ஸின் மாதிரி ஸ்கிரிப்டிலேயே இதற்குக் கொட்டை எழுத்தில் எச்சரிக்கை இருக்கிறது.

கேள்வி: பாஸ்வேர்டு சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் ஒன்று 3-வது டிஸ்கிரிப்டரிலிருந்து படிக்கிறது. அது ஏன் 3? டெர்மினலில் ஓட்டினால் உடனே எரர்.

பதில்: செக்பாஸ்வேர்டு முறை அது. மெயிலை இறக்கிக் கொடுக்கும் பாப்3 சர்வர் 3-இல் யூசர் பெயர், பாஸ்வேர்டு, நேர முத்திரை மூன்றையும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சுழி பைட் வைத்து அனுப்பும். செக்பாஸ்வேர்டு மொத்தம் 512 பைட்டுக்கு மேல் படிக்காது. 0, 1 இரண்டும் நெட்வொர்க்கில் இருக்கும் ஆளுக்கு மாட்டியாகிவிட்டது, 2 லாகுக்கு. அடுத்த எண் 3. பாஸ்வேர்டை ஆர்கியுமென்டாகக் கொடுத்திருந்தால் அந்த மெஷினில் லாகின் ஆகியிருக்கும் யார் வேண்டுமானாலும் பிஎஸ் கட்டளை போட்டுப் படித்துவிடலாம். டிஸ்கிரிப்டரில் வருவது அப்படி வெளியே தெரியாது.

டெர்மினலில் 3-இல் எதுவும் மாட்டியிருக்காது, அதனால்தான் எரர். மூன்று விவரத்தையும் சுழி பைட்டோடு ஒரு ஃபைலில் எழுதி, கட்டளையின் கடைசியில் 3, சிறியது குறி, ஃபைல் பெயர் என்று இடைவெளி இல்லாமல் 3-ஐக் குறியோடு ஒட்டிப் போடுங்கள். பாஸ்வேர்டு தவறு என்றால் 1, பின்னணியில் ஏதோ சரியில்லை என்றால் 111 வர வேண்டும்.

கேள்வி: ஃபில்டரை உண்மையான சர்வரில் மாட்டுவதற்கு முன் எப்படிச் சோதிப்பது? அதற்காகத் தனியாக மெயில் சர்வர் வைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். 0-இல் ஒரு மெயில் ஃபைல், 1-இல் ஓர் உறை ஃபைல், இரண்டையும் ஷெல்லிலேயே மாட்டி ஓட்டலாம். 1-க்கும் சிறியது குறி போடலாம், ஷெல் ஆட்சேபிக்காது. நான் வைத்திருக்கும் மெயில்கள்: உடல் இல்லாத ஒன்று, தனிப் புள்ளி வரி உள்ள ஒன்று, சப்ஜெக்ட் தமிழில் உள்ள ஒன்று, கடைசி வரி முடிவு எழுத்து இல்லாமல் நிற்கும் ஒன்று, ஒரு லட்சம் பைட்டுக்கு மேல் ஒன்று. உறைகள்: அனுப்புநர் காலி, பெறுநர் ஒருவர், பெறுநர்கள் பலர். எல்லா ஜோடியையும் ஓட்டி ஒவ்வொன்றின் எக்ஸிட் கோடையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தச் சோதனையில் முதல் கேள்வியில் பார்த்த தொங்கல் வராது. ஃபைலுக்கு நிரம்பும் கவலை இல்லை, எந்த வரிசையில் படித்தாலும் கொடுக்கும். அதைப் பிடிக்க வேண்டுமானால் பைப்தான் வேண்டும். இரண்டு பெயருள்ள பைப் உருவாக்கி, ஒரே ஸ்கிரிப்ட் முதல் பைப்பில் மெயிலை முழுக்க எழுதிவிட்டு அப்புறம் இரண்டாவதில் உறையை எழுதட்டும். அந்த ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்குவதற்கு முன்பே இரண்டு பைப்பையும் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் திறக்கிற இடத்திலேயே நின்றுகொண்டு, ஃபில்டர்தான் தொங்குகிறது என்று உங்களை ஏமாற்றும்.